கத்திரிப்பூ நிறத்தில் ஒரு மீன்

கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிற தெருவொன்றில், தயாளனுடைய தம்பி கருணாகரனுக்குப் பெண்டாட்டியாக வந்திருந்த ஹேமலதா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு, கிளிப்பச்சையில் புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தாள். காபி ஆறுவதற்குள் அந்தச் சேலை தலைப்பிலிருந்து கொசுவம் வரைக்கும் வெளுத்து, பத்து வருஷம் துவைத்த வேட்டி மாதிரி ஆகிவிட்டது. அதற்காக யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. பயந்தால் வெளுக்கும், இடம் மாறினால் வெளுக்கும், தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வெளுக்கும், பக்கத்துத் தொட்டிக்காரன் முறைத்தால்கூட வெளுக்கும், மீனென்றால் அப்படித்தான், மனுஷி மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தாள் என்று அந்தத் தெரு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது.

முடிவு கட்டியதோடு நிற்குமா, வைத்தியமும் ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டில் கப்பி மீன் வளர்க்கிற ஸ்டெல்லா ஒரு பை நிறைய காய்ந்த பாதாம் இலையைக் கொண்டுவந்து கொடுத்து, குளிக்கிற தண்ணீரில் ஊறப்போடச் சொன்னாள். மூலைவீட்டுக்காரர் கல்லுப்பு என்றார். போர் தண்ணீரை நிறுத்திவிட்டு லாரித் தண்ணீர் பிடித்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். ஜன்னலில் சாக்குப்படுதா கட்டி இருட்டில் விடுங்கள், கிட்டே போய் உற்றுப் பார்க்காதீர்கள், இரண்டு நாளைக்கு இரை போடாதீர்கள் என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டு, சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த சிவப்பு மாத்திரை அவள் உள்ளங்கையில் விழுந்ததும் சுண்ணாம்பாயிற்று. அம்மன் கோயில் பூசாரி வைத்துவிட்ட குங்குமம் நெற்றியிலேயே சாம்பல் பூத்தது. அவர் கொஞ்சம் யோசித்து, "விபூதின்னு நெனச்சுக்கோம்மா, ரெண்டும் அவ குடுக்கறதுதான்" என்று சமாளித்து அனுப்பினார்.

வெளுத்த நிறம் எங்கே போயிற்று என்பது மறுநாள் மொட்டைமாடியில் தெரிந்தது. தயாளன் வீட்டு மாடியில் காலி குவார்ட்டர் பாட்டில்களைக் கழுவி வரிசையாக அடுக்கி, பாட்டிலுக்கு ஒன்றாக ஃபைட்டர் மீன் வளர்ப்பார்கள். ஆண் ஃபைட்டர் இரண்டை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்று பிணமாகும், அதனால்தான் இந்தத் தனிக்குடித்தனம். அந்த வரிசையில், பழுப்பாக, யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு மீன் அன்றைக்குக் கிளிப்பச்சையாக நின்றது. வாலின் ஓரத்தில், சேலைக்கு இருந்த அதே அகலத்தில், ஜரிகைக் கரை. ஏஜென்ட் ஜலீல் பாய் பாட்டிலை வெயிலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மற்றபடி அவரும் ஆச்சரியப்படவில்லை. வியாபாரிக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது?

அதுவரைக்கும் தெருப் பெண்களுக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது உண்மை. புருஷன் குத்துக்கல்லாக இருக்கும்போது ஒருத்தி வெள்ளைச்சேலையில் நடமாடினால் பார்க்கிறவர்களுக்கு உறுத்துமா உறுத்தாதா? காலையில் எதிரே வந்தால் ஒதுங்கினார்கள். ஜரிகை மீன் இறங்கியதும் அந்த நெருடலெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை. "எங்க மாடியிலயும் ஒரு நாள் வந்து உக்காரட்டுமே, காபி டிபன் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று ஸ்டெல்லாவே வந்து கேட்டாள். ஜலீல் பாய் இன்னும் ஒருபடி மேலே போய், "பெங்களூர் பார்ட்டி மாம்பழ மஞ்சள்ல கேக்குறாங்க தங்கச்சி, சின்னவங்கள வர்ற வெள்ளிக்கிழமை அந்தக் கலர்ல கட்டச் சொல்லுங்க" என்று தயாளன் மனைவியிடம் போனில் சொன்னார். ஹேமலதாவும் கட்டினாள். மயில்கழுத்து கேட்டால் மயில்கழுத்து, வெந்தய நிறம் கேட்டால் வெந்தய நிறம். கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்காருவாள், நிறம் அவளை விட்டு இறங்கிப் போகும், வெளுத்த சேலையை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வாள், மறுநாள் பாட்டிலில் ஒரு மீன் அந்த நிறத்தில் துடுப்பு விரிக்கும்.

காரணம் என்ன என்று அந்தத் தெருவில் யாரும் தேடவில்லை. தேடாமலே தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். ஹேமலதாவின் ஓரகத்தி, தயாளன் மனைவி குணசுந்தரி.

குணசுந்தரி கெட்டவள் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீங்கள் இப்போதே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள், கடைசிவரைக்கும் திட்டு மீதம் இருக்க வேண்டும். ஃபைட்டருக்கு நிறம் ஏற்றுவதில் அந்தத் தெருவில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. தினம் ஒரு தடவை பாட்டிலுக்கு முன்னால் சின்னக் கண்ணாடி ஒன்றை வைப்பார்கள். மீன் தன் முகத்தையே பார்த்து, எவனோ எதிரி வந்துவிட்டான் என்று செவுளைப் புடைத்து, துடுப்பையும் வாலையும் விரித்து, உடம்பெல்லாம் நிறம் ஏறச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். உடனே கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால், இல்லாத எதிரியோடு முட்டி முட்டி, இருக்கிற நிறமும் போய், மீனும் போய்விடும். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

ஹேமலதா அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது வாயில்லாப் பூச்சி. தாயில்லாத பெண். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் "சரிக்கா", உப்பு அதிகம் என்றாலும் "சரிக்கா". இவளை உசுப்பிவிட்டு நாலு வார்த்தை எதிர்த்துப் பேச வைக்க வேண்டும், அப்போதுதான் இந்த வீட்டில் பிழைப்பாள் என்று குணசுந்தரிக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதானே. ஒருநாள் அடைக்குக் கரைத்துக்கொண்டிருக்கும்போது சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்: "கருணாகரனுக்கு மொதல்ல பத்மஜான்னு ஒரு பொண்ணப் பாத்தோம். என்னா சுறுசுறுப்பு அந்தப் பொண்ணு! ஸ்கூட்டர்கூட ஓட்டும்."

பத்மஜா என்று ஒருத்தி கிடையாது. குணசுந்தரி வாயில் அந்த நேரத்துக்கு வந்த பெயர் அது.

ஹேமலதா அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள், கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏறியது. ஆகா, வேலை செய்கிறது என்று குணசுந்தரிக்கு ஒரே சந்தோஷம். ருசி கண்ட பூனை உறியை விடுமா? ஹேமலதா கோலம் போட்டால் பத்மஜா இதைவிடப் பெரிதாகப் போடுவாள். ஹேமலதா பாடினால் பத்மஜா கச்சேரியே பண்ணியிருக்கிறாள். ஹேமலதா ஒரு பி.ஏ. என்றால் பத்மஜா இரண்டு எம்.ஏ. ஹேமலதாவிடம் இருப்பதையே எடுத்து இன்னும் ஒரு முழம் நீட்டினால் அதுதான் பத்மஜா. உசுப்பேற்றத்தான் ஆரம்பித்தாள், போகப்போக அதில் ஒரு சுகம் வந்துவிட்டது, அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாமல் இருந்தாள். ஆனால் கண்ணாடியைத் திரும்ப எடுக்க வேண்டுமே, அதை மறந்துவிட்டாள்.

ஒருநாள் ஹேமலதா புருஷனிடமே கேட்டாள், "பத்மஜாவ நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று. கருணாகரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி காட்டிய போட்டோக்களையெல்லாம் மனசுக்குள் புரட்டி, "பாத்தேன்னுதான் நெனைக்கிறேன். நல்லாத்தான் இருந்தா" என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தான். படுபாவி. குணசுந்தரி அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். ஓடிப்போய், அடேய், அப்படி யாருமே இல்லைடா என்று சொல்லியிருக்கலாம். கையில் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தாள். மறுநாள் காலையில்தான் கிளிப்பச்சைச் சேலை வெளுத்தது.

அதற்குப் பிறகாவது நிறுத்தினாளா? அங்கேதான் அவளை மன்னிக்க முடியவில்லை. பத்மஜா பேச்சை எடுத்த நாளில் நிறம் சீக்கிரம் இறங்குகிறது, ஜரிகை பளிச்சென்று விழுகிறது என்பதை அவள் கண்டுகொண்டாள். ஜலீல் பாய் அவசரம் என்று போன் பண்ணினால், படியில் உட்கார்ந்திருக்கிற ஹேமலதாவுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே, "இந்தக் கலர் பத்மஜாவுக்கு எடுப்பா இருந்திருக்கும்" என்பாள். சொல்லும்போது நெஞ்சுக்குள் எதுவோ சுருக்கென்று குத்தும். கூடவே தயாளன் மாடியிலிருந்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கூவுவான். அந்தக் கூச்சலில் குத்தல் அமுங்கிவிடும். சோறு அவளுக்கு இறங்கவில்லை என்பதும், ஹேமலதாவின் முகத்தைப் பார்த்துப் பேசி மாதக்கணக்காகிறது என்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சேலைகள் தீர்ந்தபிறகு ஹேமலதாவிடமிருந்தே இறங்க ஆரம்பித்தது. பொட்டு, உதடு, தாலிக்கயிற்று மஞ்சள், கடைசியில் தலைமுடி. கண்ணாடி மீன் என்று ஒன்று உண்டு, உள்ளே முள்ளெல்லாம் தெரியும். அதுபோல அவள் ஜன்னல் பக்கம் நின்றால் கைக்குள்ளே ஜன்னல்கம்பி தெரிந்தது. தெரு அதற்கும் பழகிக்கொண்டது. "பாத்து வாங்க, சின்னவங்க உக்காந்திருக்காங்க" என்று வருகிறவர்களிடம் ஸ்டெல்லா சொல்லுவாள், தெரியாமல் யாராவது மேலே உட்கார்ந்துவிடக் கூடாதே என்று.

பெட்டியில் நிறம் போகாமல் ஒரே ஒரு சேலை பாக்கி இருந்தது. கத்திரிப்பூ நிறம், மெல்லிய வெள்ளி ஜரிகை. ஹேமலதாவின் அம்மா உடுத்திக்கொண்டிருந்த சேலை. அந்த அம்மாள் போனபிறகு மகளுக்கென்று எஞ்சியது அதுதான். அதை அவள் கட்டுவதே இல்லை. ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள். பண்டிகை ஆர்டர் நெருக்கிய நேரத்தில் குணசுந்தரி அதைப் பார்த்துவிட்டாள்.

"இத மட்டும் வேணாம்க்கா," என்றாள் ஹேமலதா. அந்த வீட்டுக்கு வந்து அவள் முதல்தடவையாக மறுத்துச் சொன்ன சொல் அது. ஒன்றரை வருஷமாக எந்தச் சொல்லுக்காகக் குணசுந்தரி அவளை உசுப்பினாளோ அதே சொல். ஆனால் காதில் விழுந்தால்தானே.

"பத்மஜான்னா குடும்பத்துக்காகக் கட்டியிருப்பா," என்றாள் குணசுந்தரி.

ஹேமலதா எழுந்துபோய்க் கட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நிறம் ஏறி நின்ற மீனைக் குணசுந்தரி பாட்டிலோடு மாடியிலிருந்து கீழே தூக்கிவந்தாள். கத்திரிப்பூ நிறத்தில், இழையிழையாக வெள்ளி ஓடி, அப்படியொரு மீனை அந்தத் தெரு கண்டதில்லை. ஜலீல் பாய் எவ்வளவு கெஞ்சியும் அவள் கொடுக்கவில்லை. அடுப்படி அலமாரியில் வைத்துக்கொண்டாள். ஹேமலதா தினமும் வந்து அந்தப் பாட்டிலுக்கு எதிரே நிற்பாள்; மீன் அவளைப் பார்க்கும், அவள் மீனைப் பார்ப்பாள். குணசுந்தரி அந்த நேரத்தில் அடுப்படிக்குள் போகமாட்டாள்.

நாலைந்து நாள் கழித்து அந்த மீன் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு அடியிலேயே கிடந்தது. குணசுந்தரி பதறிப்போய், கொஞ்சம் உற்சாகம் வரட்டும் என்று கண்ணாடியை எடுத்து முன்னால் வைத்தாள். மீன் தலையைத் தூக்கிச் சிலிர்த்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்ட நேரம், தெருமுனை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பிய ஸ்டெல்லா வாசலில் நின்று, "குணாக்கா, நல்ல நேரம் முடியப்போவுது, வாங்க!" என்று கத்தினாள். குணசுந்தரி முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு ஓடினாள். ஹேமலதாவை யாரும் அழைக்கவில்லை, அவள் அறையில் படுத்திருந்தாள். வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, கலவைசாதம் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு குணசுந்தரி சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

கண்ணாடி வைத்த பக்கம் பாட்டில் சுவரில் மூக்கை வைத்தபடி மீன் செத்திருந்தது. வெள்ளைவெளேரென்று இருந்தது. கத்திரிப்பூ நிறம் பாட்டிலில் இல்லை, தண்ணீரில் இல்லை, எங்குமே இல்லை.

குணசுந்தரி அதைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்ச் செம்பருத்தித் தொட்டி மண்ணில் புதைத்தாள். புதைத்துவிட்டு அங்கேயே மண்கையோடு உட்கார்ந்து, என்ன காரியம் பண்ணிட்டேன், என்ன காரியம் பண்ணிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். மீனுக்காகத்தான் அழுகிறாள் என்று மாடியிலிருந்து எட்டிப்பார்த்த தயாளன் நினைத்துக்கொண்டான். பிறகு அவள் எழுந்தாள். கையைக்கூடக் கழுவாமல் ஹேமலதாவின் அறைக்குள் போனாள். கட்டிலில் வெளுத்த சேலை ஒன்று படுத்திருப்பதுபோல இருந்தது. அதற்குள் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, காலடியில் உட்கார்ந்தாள்.

"ஹேமா, பத்மஜான்னு யாரும் இல்லம்மா."

மண்கையை மடியில் துடைத்துக்கொண்டாள்.

"நானா சொன்ன கத. பொண்ணு பாக்கப் போனதும் இல்ல, அப்படி ஒருத்தி பொறக்கவும் இல்ல. நீ நாலு வார்த்த எதுத்துப் பேசணும்னு ஆரம்பிச்சேன். அப்புறம்… அப்புறம் நான் நிறுத்தியிருக்கணும். கலர் வருதேன்னு நிறுத்தல. என்னைச் செருப்பால அடி."

கட்டிலில் இருந்தது மெல்ல எழுந்து உட்கார்ந்தது. "இல்லியா?" என்றது.

"இல்லம்மா."

"அப்போ இவ்வளவு நாளா நான் யாரோட மல்லுக்கட்டினேன்?"

குணசுந்தரி கட்டில்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"குளிக்கும்போது அவ, தூங்கும்போது அவ, அவருகூடப் பேசும்போது நடுவுல அவ. எந்திரிச்சா அவளவிட நல்லா எந்திரிக்கணும்னு எந்திரிச்சேன். சாகறதுன்னாக்கூட அவளவிட நல்லா சாகணும்னு நெனச்சேன்க்கா. இல்லவே இல்லன்னு இப்ப வந்து சொல்றீங்க! உங்க கண்ணுக்கு நான் என்ன மீனா?"

முதலில் காது இரண்டும் சிவந்தன. அப்புறம் கழுத்து, உதடு. தலைமுடி வேரிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நெற்றியில் சாம்பலாய்க் கிடந்தது குங்குமமாயிற்று. உடம்பில் சுற்றியிருந்த வெள்ளைத்துணி மிளகாய்ப்பழச் சிவப்பாகி, அதன் ஓரத்தில் ஜரிகை ஓடிவந்து நின்றது. கோபம் என்றால் அப்படியொரு கோபம். குணசுந்தரி இவ்வளவு காலம் எந்த மீனிடமும் பார்த்திராத நிறம். அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். மீன் செத்ததையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள், முடியவில்லை. இருந்த தைரியமெல்லாம் ஒரு குற்றத்தைச் சொன்னதிலேயே தீர்ந்துபோயிருந்தது.

மாடியில் தயாளன், "ஐயையோ, செவப்பு வெளுத்துப்போச்சே!" என்று கத்தினான்.

ஹேமலதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பாமல் வாசலுக்குப் போய் ஆட்டோவில் ஏறினாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. கருணாகரன் முனைவரைக்கும் பின்னாலேயே ஓடி, செருப்பில்லாத காலோடு திரும்பி வந்தான். "கலர் ஏறிடுச்சுல்ல, இனிமே பொழச்சுக்கும்" என்று ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து ஜலீல் பாயின் போன்தான். "தங்கச்சி, பெங்களூர் பார்ட்டி கத்துறாங்க. மீனு சுண்ணாம்பாட்டம் ஆயிடுச்சாம்."

"என்ன கலரு பாய்?"

"மாம்பழ மஞ்சள்."

"நல்லது," என்றாள் குணசுந்தரி.

"நல்லதா?"

அவள் போனை வைத்தாள். கொஞ்சநேரத்தில் கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றிலிருந்து மயில்கழுத்து. விஜயவாடாவிலிருந்து வெந்தய நிறம். மதுரையில் ஒரு பல் டாக்டர் வரவேற்பறையிலிருந்து கிளிப்பச்சை, அந்த முதல் கிளிப்பச்சை. ஒவ்வொரு போனுக்கும் அரக்கோணத்தில் ஒரு பெட்டிக்குள் ஒரு சேலை நிறம் திரும்பிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே, "போகட்டும் பாய், எல்லாம் போகட்டும்" என்றாள். இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பாய் முடிவு பண்ணினார். மறுநாளும் இரண்டு மூன்று போன் வந்தது. அப்புறம் ஓய்ந்துவிட்டது.

ஓய்ந்தபிறகு ஒருநாள் மத்தியானம் ஹேமலதாவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை. குரல் கெட்டியாக இருந்தது.

"எல்லாச் சேலையும் வந்துடுச்சுக்கா. எங்கம்மாவோடது மட்டும் வெள்ளையாவே இருக்கு. தெனம் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறேன். அந்த மீன யாருக்குக் குடுத்தீங்க?"

குணசுந்தரி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கோ கொடுத்துவிட்டேன், எந்த ஊரோ தெரியாது, வரும் என்று சொல்லிவிடலாம். இன்னொரு பத்மஜா மாதிரி அதுவும் கொஞ்சகாலம் ஓடும். சொல் நுனிநாக்குவரைக்கும் வந்தது.

"யாருக்கும் குடுக்கலம்மா. அது வராது. கண்ணாடிய முன்னாடி வச்சுட்டு வளைகாப்புக்குப் போயிட்டேன்."

மீன் வளர்க்கிற வீட்டில் வாழ்ந்தவள், வேறு விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் சேலையை மடிக்கிற சரசரப்பு கேட்டது. திட்டுவாள், திட்டினால் தேவலை என்று குணசுந்தரி காத்திருந்தாள்.

"அந்தக் கண்ணாடிய எடுத்து வச்சுட்டீங்களா?" என்றாள் ஹேமலதா கடைசியில்.

குணசுந்தரி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். காலிப் பாட்டிலுக்கு எதிரே அது அன்றைக்கு வைத்தபடியே நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டிக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்பத்தாம்மா எடுத்தேன்," என்றாள்.